மாலையில் ஒரு மணி நேரம் அம்மா

நர்சரி என்றால் நமக்கு இரண்டு அர்த்தம். ரோஜாச் செடி வாங்கப் போகும் இடம். அல்லது மூன்று வயதுப் பிள்ளையை அழ அழக் கொண்டுபோய் விட்டு வரும் பள்ளிக்கூடம். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில், பணக்கார வீடுகளில், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த இன்னொரு வீடு அது. குழந்தைகளுக்கென்று தனி மாடி, தனிச் சாப்பாடு, தனி வேலைக்காரர்கள், தனிச் சட்டதிட்டம். அப்பாவும் அம்மாவும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தார்கள். ஆனால் பிள்ளை அவர்களைப் பார்ப்பதற்கு நேரம் குறித்திருந்தது. எட்வர்டிய காலத்துப் பெரிய வீட்டுக் குழந்தையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

அது என்ன எட்வர்டிய காலம்? விக்டோரியா மகாராணி 1901 ஜனவரி 22 அன்று இறந்ததும், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் மகன் ஏழாம் எட்வர்டு ராஜா ஆனார். 1910 மே 6 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். கணக்குப்படி ஒன்பது வருஷம்தான். ஆனால் முதல் உலகப் போர் தொடங்கிய 1914 வரை இந்தக் காலத்தை நீட்டிக்கொள்வது வழக்கம். அந்த வாழ்க்கையை உடைத்துப்போட்டது போர்தானே தவிர, ராஜாவின் சாவு இல்லை. நானும் அப்படியே நீட்டிக்கொள்கிறேன். தேவைப்பட்டால் முன்பக்கமும் நாலைந்து வருஷம்.

அடுத்தது வீடு. 'கன்ட்ரி ஹவுஸ்' என்பதை நாட்டுப்புற வீடு என்று சொன்னால் நம் மனதில் ஓட்டுக் கூரையும் மாட்டுக்கொட்டிலும்தான் வரும். அது ஒரு ஜமீன் அரண்மனை. சுற்றிலும் பூங்கா, ஏரி, காடு, அதற்கு அப்பால் குத்தகைக்காரர்கள் உழும் நிலம், கிராமம், கிராமத்துத் தேவாலயம். கென்ட் மாவட்டத்தில் நோல் என்றொரு வீடு இருக்கிறது. அதில் 365 அறை, 52 படிக்கட்டு, 7 முற்றம் என்று சொல்வார்கள். வருஷத்தின் நாட்கள், வாரங்கள், வாரத்தின் கிழமைகள்! கணக்கு கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. நம்புவது உங்கள் இஷ்டம். வீடு பிரம்மாண்டமானது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இப்படி ஒரு வீட்டை ஓட்ட உள்வேலைக்கு மட்டும் இருபது, முப்பது பேர் வேண்டும். பட்லர், ஹவுஸ்கீப்பர், சமையல்காரி, கூடத்து வேலைக்கு உயரமான பையன்கள், அறை பெருக்கும் பெண்கள், பாத்திரம் தேய்க்கும் சிறுமி. தோட்டமும் லாயமும் தனிக் கணக்கு. வேலைக்காரர் பகுதிக்கும் முதலாளி பகுதிக்கும் நடுவில் பச்சைக் கம்பளித் துணி போர்த்திய ஒரு கதவு இருக்கும். சமையலறையின் சத்தமும் முட்டைக்கோஸ் வேகும் வாடையும் இந்தப் பக்கம் வராமலிருக்க அந்த ஏற்பாடு. அதே மாதிரி குழந்தைகளின் சத்தம் கீழே வராமலிருக்க நர்சரியை மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

மேலே பெரும்பாலும் இரண்டு அறை. பகலில் விளையாடவும் சாப்பிடவும் ஒன்று, இரவில் தூங்க ஒன்று. ஜன்னலில் கம்பி, பிள்ளை கீழே விழாமலிருக்க. கணப்படுப்பைச் சுற்றி இடுப்புயரக் கம்பித் தடுப்பு, அதன்மேல் காயும் சின்னச் சின்னத் துணிகள். ஓர் ஆடுகுதிரை. கீழ்த்தளத்துக்குப் பழசாகிப்போன நாற்காலிகளும் கம்பளமும் இங்கேதான் வந்து சேரும். கோடீஸ்வர வீட்டின் வாரிசு, வீட்டிலேயே பழைய சாமான் இருக்கும் அறையில் வளர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை.

இந்த மாடிக்கு ராணி, நானி. நமக்கு இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: செவிலித்தாய். சங்கப் பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி என்று ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய் இருப்பார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. குழந்தை பிறந்த சில வாரத்திலேயே நானியின் கைக்கு வந்துவிடும். எப்போது எழ வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், எந்த இருமலுக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவள் முடிவு. அம்மா மேல்மாடிக்கு வருவதே ஒரு விருந்தாளி வருவது போலத்தான். எடுபிடிக்கு நானிக்குக் கீழே ஒன்றிரண்டு சிறு பெண்கள். பெரும்பாலான நானிகள் அப்படி எடுபிடியாக நுழைந்து, பார்த்துப் பார்த்துக் கற்று மேலே வந்தவர்கள். 1892-ல் எமிலி வார்டு என்பவர் லண்டனில் நார்லண்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான் பிள்ளை வளர்ப்பதற்கும் பயிற்சி, சான்றிதழ் என்று வந்தது. நார்லண்ட் இன்றும் நடக்கிறது.

இவ்வளவு அதிகாரம் ஒருத்தி கையில் இருந்தால் இரண்டு விதமாகவும் போகும். பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆன இளவரசர், 1894-ல் பிறந்தவர், தன் கைக்குழந்தைப் பருவத்து நானி ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் பெற்றோரிடம் கொண்டுபோகும்போது, அறை வாசலில் வைத்து அவரைக் கிள்ளுவாளாம், கையை முறுக்குவாளாம். பிள்ளை உள்ளே போனதும் வீறிட்டு அழும். சங்கடப்பட்ட பெற்றோர் உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவளிடமே. இது வெளியே தெரிந்து அவளை நீக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. அவள் இடத்துக்கு வந்தவர் சார்லட் பில். பிள்ளைகள் அவரை 'லாலா' என்று கூப்பிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார். இன்னொரு பக்கம் வின்ஸ்டன் சர்ச்சில். அவர் இன்னும் முந்தைய தலைமுறை. அம்மாவைத் தூரத்து நட்சத்திரம் போல வியந்து பார்த்த பிள்ளை, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியது எலிசபெத் எவரெஸ்ட் என்ற தன் நானியிடம். 1895-ல் அந்த அம்மா சாகும்போது ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தார். கல்லறைக்குக் கல்லும் வைத்தார்.

சரி, ஒரு நாளைப் பார்ப்போம்.

காலையில் முதல் சத்தம், எடுபிடிப் பெண் கணப்பிலிருந்து சாம்பலை அள்ளும் சத்தம். அப்புறம் பித்தளைக் குவளையில் வெந்நீர் வரும். பல பெரிய வீடுகளில் குழாய் வசதி இருந்தும் செய்துகொள்ளவில்லை. வேலைக்காரர்கள் இருக்கும்போது குழாய் எதற்கு? பெல்வோர் கோட்டையில் வளர்ந்த டயானா மேனர்ஸ், தன் சிறுவயதில் அங்கே தண்ணீர் சுமப்பதற்கென்றே ஆட்கள், விளக்குப் பார்ப்பதற்கென்றே ஆட்கள், நேரமறிவிக்கத் தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்து சேகண்டி அடிப்பதற்கென்றே தாடி வைத்த ஒரு கிழவர் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். (பெல்வோர் என்று எழுதிவிட்டு 'பீவர்' என்று படிப்பார்கள். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்கள் சொந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை.)

உடுத்துவது ஒரு பெரிய வேலை. கம்பளியில் உள்சட்டை, அதன்மேல் பொத்தான் வைத்த துணிக் கச்சு, அதில் மாட்டிய காலுறை, பெண் என்றால் பாவாடைக்குமேல் பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலே கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். ஆண் குழந்தைக்கும் மூன்று நான்கு வயது வரை கவுன்தான். நாமும் முடியிறக்குவதற்கு முன்னால் பையனுக்குப் பின்னல் போட்டு, பூ வைத்து, பாவாடை கட்டிப் படம் எடுக்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் அவர்கள் ஒரு நாள் படத்துக்காகச் செய்யவில்லை, தினமுமே அதுதான் உடை. கால்சட்டை மாட்டும் நாள் ஒரு சடங்கு. அதன்பின் மாலுமி உடை. இதற்கும் ராஜாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: 1846-ல், நாலு வயது இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டுக்குக் கடற்படை மாலுமி மாதிரி ஒரு வெள்ளை உடுப்பைத் தைத்துப் போட்டு, ஓவியமும் எழுதினார்கள். அது பரவிப் பரவி, அவர் தாத்தாவான காலத்தில் ஊரிலுள்ள பணக்காரப் பையன்கள் எல்லாரும் குட்டி மாலுமிகள் ஆகியிருந்தார்கள்.

காலணியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல் பூட்ஸ். நாடா கிடையாது, பக்கவாட்டில் வரிசையாகப் பட்டாணி மாதிரிப் பொத்தான்கள். தோல் விறைப்பு, துளை சின்னது, விரலால் முடியாது. அதற்கென்று ஒரு கொக்கி உண்டு. எலும்பு அல்லது வெள்ளிக் கைப்பிடி, முனையில் வளைந்த கம்பி. கொக்கியைத் துளை வழியாக விட்டு, பொத்தானின் கழுத்தைப் பிடித்து, ஒரு திருகு திருகி வெளியே இழுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து தடவை. அவசரத்தில் கொக்கி பொத்தானோடு சதையையும் சேர்த்துப் பிடிக்கும். வெளியே உலாவப் போகும்போது ஒரு தடவை, வீட்டுக்குள் வந்ததும் கழற்ற ஒரு தடவை, மத்தியானம் மறுபடி. தானாக உடுத்திக்கொள்ள முடியாத உடுப்பைப் போட்டிருப்பதுதான் அந்தஸ்து. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அப்படி, அவன் அம்மாவுக்கும் அப்படி.

சாப்பாடு நம்மை ஆச்சரியப்படுத்தும். கீழே எட்டு வகை, பத்து வகை என்று விருந்து நடக்கும் அதே வீட்டில், மேலே ஓட்ஸ் கஞ்சி, அவித்த முட்டை, ரொட்டி, பால், வேகவைத்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. குழந்தை வயிற்றுக்கு ருசியான சாப்பாடு கெடுதல், காரமும் மசாலாவும் ரத்தத்தைச் சூடாக்கும் என்ற நம்பிக்கை. மத்தியானம் தவறாமல் பால் புட்டிங். அரிசி, ஜவ்வரிசி, ரவை, ஏதாவது ஒன்றைப் பாலில் வேகவைத்து அடுப்பில் வைத்து எடுப்பார்கள். பாயசம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். ஏலக்காய் இல்லை, முந்திரி இல்லை, நெய் இல்லை, சர்க்கரையும் பேருக்குத்தான். அடித்தளச் சமையலறையில் கிளம்பி, நாலு மாடி ஏறி வருவதற்குள் ஆறி, மேலே தோல் கட்டியிருக்கும். அந்தத் தோலைப் பற்றி அந்தத் தலைமுறை கிழவயது வரை புலம்பியிருக்கிறது. மாலை தேநீரில் கேக் இருக்கும், ஆனால் முதலில் வெறும் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்று முடித்தால்தான். வாரம் ஒரு தரம் விளக்கெண்ணெய். அதை மட்டும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

மழையோ பனியோ, காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. கைக்குழந்தை தள்ளுவண்டியில், பெரியது பக்கத்தில் நடந்து. உண்மையான சந்தோஷம் அங்கேதான் இருந்தது என்று தோன்றுகிறது. தோட்டக்காரர், குதிரைக்காரர், வேட்டைக்காட்டுக் காவலர், எல்லாரும் பேச்சுத் துணை. கண்ணாடிக்கூடத்தில் பீச் பழங்களை எண்ணி வைத்திருக்கும் தலைமைத் தோட்டக்காரர் மட்டும் எதிரி. நாலைந்து வயதில் சிறு குதிரை ஏறக் கற்றுத்தருவார்கள். எட்டுப் பத்து வயதில் நரி வேட்டைக்குப் பின்னால் போகும் பிள்ளைக்கு, முதல் நரி விழுந்ததும் அதன் ரத்தத்தைக் கன்னத்தில் பூசுவார்கள். அழாமல் நின்றால் பெருமை. குளிர்ந்த புட்டிங்கும் நரி ரத்தமும் ஒரே பள்ளியின் இரண்டு பாடங்கள்.

விளையாட்டுச் சாமான் விஷயத்தில் இவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கரடிப் பொம்மை 1902, 1903 வாக்கில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிறந்து, கொஞ்ச வருஷத்தில் நர்சரிகளுக்குள் வந்துவிட்டது. லிவர்பூல்காரர் ஃப்ராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கிய ஓட்டை போட்ட தகடுகளும் திருகாணிகளும் 1907-ல் மெக்கானோ என்ற பெயர் பெற்றன. ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் பல வீடுகளில் அலமாரிக்குள் போய்விடும். நோவாவின் பேழையும் மரத்தில் செதுக்கிய ஜோடி ஜோடி மிருகங்களும் மட்டும் வெளியே வரும், பைபிள் கதை என்பதால்.

இப்போது அந்த நேரம். ஐந்து மணி சுமாருக்கு நானி ஓர் உற்சவ மூர்த்தியைத் தயார் செய்வது போலப் பிள்ளையைத் தயார் செய்வாள். முகம் தேய்த்துக் கழுவி, முடியைச் சீவிச் சுருட்டி, லேஸ் வைத்த வெள்ளை உடுப்பு, இடுப்பில் பட்டு நாடா. மாடிப்படி இறங்கி, வரவேற்பறை வாசல் வரை நானி வருவாள். அதற்கு மேல் வரமாட்டாள். கதவு திறந்தால் வாசனைத் திரவியமும் சுருட்டுப் புகையும் கலந்த இன்னோர் உலகம். அம்மா தேநீர் வேளைக்கென்றே தைத்த தளர்ந்த கவுனில் உட்கார்ந்திருப்பாள். கதை படிப்பாள், சீட்டு விளையாடுவாள், பியானோ வாசிப்பாள். 'சனி முதல் திங்கள்' விருந்தாளிகள் இருந்தால் (வாரக்கடைசி என்பதை மேல்தட்டு மக்கள் அப்படித்தான் சொன்னார்கள்) பிள்ளை ஒரு பாட்டு ஒப்பித்துக் காட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் கண்ணில் படலாம், காதில் படக்கூடாது என்பது அங்கே பழமொழி. ஆறு மணிக்கு மணிக்கயிறு இழுபடும். நானி வாசலில் வந்து நிற்பாள்.

அம்மா கொடுமைக்காரி என்று இதற்கு அர்த்தமில்லை. அவளும் அப்படித்தான் வளர்ந்தாள். தினமும் ஒரு மணி நேரம், மிக அழகாக உடுத்திக்கொண்டு, அன்பாக மட்டுமே இருக்கும் ஒருத்தி. அதட்டுவது, மூக்குத் துடைப்பது, ஊட்டுவது எல்லாம் வேறொருத்தியின் வேலை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி எழுதிய நினைவுகளில் அம்மாக்கள் தேவதைகளாகவும் நானிகள் மனுஷிகளாகவும் வருகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் சிரிப்பும் இருந்தது. ராஜாவின் நெருங்கிய தோழி ஆலிஸ் கெப்பலின் மகள் சோனியா, 1900-ல் பிறந்தவள், லண்டன் வீட்டுக்குத் தேநீருக்கு வரும் ராஜாவை 'கிங்கி' என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் ஒரு பந்தய விளையாட்டு. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளை, வெண்ணெய்ப் பக்கம் கீழே இருக்கும்படி, ராஜாவின் நீட்டிய கால்சட்டைமேல் ஒன்றாக வைத்துச் சரிய விடுவார்கள். எது முதலில் கீழே வரும்? பந்தயம் ஒரு பென்னி. எவ்வளவு வெண்ணெயோ அவ்வளவு வேகம். சக்கரவர்த்தியின் கால்சட்டை என்ன கதியானது என்பதைச் சலவைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறேழு வயதானதும் நர்சரியிலிருந்து பாட அறைக்கு மாற்றம். அங்கே கவர்னஸ் என்ற ஆசிரியை. பாவம், அந்த வீட்டிலேயே தனியான ஆள் அவள்தான். படித்தவள் என்பதால் வேலைக்காரர்களோடு சாப்பிட முடியாது. சம்பளக்காரி என்பதால் குடும்பத்தோடும் முடியாது. தட்டு அறைக்கு வரும். அவள் பிரெஞ்சு, பியானோ, ராஜாக்களின் பெயர்கள், சிவப்பு பூசிய பேரரசு வரைபடம் சொல்லிக்கொடுப்பாள். இத்துடன் ஆண் பிள்ளைக்கு வழி பிரிகிறது. எட்டு வயதில் பெட்டி கட்டி விடுதிப் பள்ளி, 13-ல் ஈட்டன் அல்லது ஹாரோ. பெண் அங்கேயே இருப்பாள். பதினெட்டில் தலையில் வெள்ளை இறகு குத்தி அரண்மனையில் தலைவணங்கி, கல்யாணச் சந்தைக்கு வருவாள். சொத்தும் மூத்த ஆண் வாரிசுக்கே. மேலே சொன்ன நோல் வீட்டில் ஒரே பிள்ளையாக ஓடி விளையாடிய விட்டா சாக்வில்-வெஸ்டுக்கு, 1928-ல் அப்பா இறந்தபோது அது கிடைக்கவில்லை. பெண் என்ற ஒரே காரணத்தால் சித்தப்பாவுக்குப் போயிற்று.

இத்தனையையும் தூக்கிச் சுமந்த ஆள் யார் என்று ஒரு கணம் பாருங்கள். சாம்பல் அள்ளி, வெந்நீர் தூக்கி, பூட்ஸ் மாட்டிவிடும் எடுபிடிப் பெண்ணுக்கு வயது 13, 14 இருக்கும். 1899 முதல் 12 வயது வரைதான் பள்ளி கட்டாயம். அப்புறம் கிராமத்துச் சிறுமிக்கு வேலை என்றால் பெரும்பாலும் இதுதான். 1901 வாக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அந்தச் சாவுகளில் பெரும்பங்கு இவள் பிறந்த மாதிரி வீடுகளில். நம் பக்கத்துப் பெண்களும் இந்தக் கதையில் உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பும் துரைமார் குடும்பங்கள் கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கரை சேர்ந்ததும் சிலரை அப்படியே விட்டுவிட்டார்கள். திரும்பிப்போக ஒரு குடும்பம் அமையும்வரை அவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. 1900-ல் அது ஹாக்னி பகுதிக்கு இடம் மாறியது. தெருவின் பெயரும் கிங் எட்வர்டு சாலை.

1904-ல் மாலுமி உடை போட்ட எட்டு வயதுப் பையனுக்கு 1914-ல் 18 வயது. ஈட்டனில் படித்தவர்களில் மட்டும் 1,157 பேர் அந்தப் போரில் இறந்தார்கள். போர் முடிந்தபோது வேலைக்காரப் பெண்களில் நிறையப் பேர் தொழிற்சாலைக்குப் போயிருந்தார்கள், திரும்பி வரவில்லை.

லாலாவிடம் வருகிறேன். அவர் வளர்த்த ராஜ குடும்பத்துப் பிள்ளைகளில் கடைசி, 1905-ல் பிறந்த ஜான். வலிப்பு நோய் இருந்த பையன். நோய் முற்றியபோது சாண்ட்ரிங்கம் பண்ணையிலேயே வுட் ஃபார்ம் என்ற தனி வீட்டில் அவனை வைத்தார்கள். கூட இருந்தவர் லாலா. அப்பா ஐந்தாம் ஜார்ஜ் அதற்குள் ராஜா ஆகியிருந்தார். 1919 ஜனவரி 18, மாலை ஐந்தரை மணி. ஜான் இறந்துவிட்ட விஷயத்தை லாலா அரசிக்குத் தொலைபேசியில் சொன்னார். ராஜாவும் அரசியும் காரில் வுட் ஃபார்முக்குப் போனார்கள். ஜான் அமைதியாகப் படுத்திருந்ததாக அரசி அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். லாலா மனம் உடைந்துபோயிருந்தார் என்பதையும் எழுதினார்.